பிலாட்டீஸ் ஏன் இன்னும் பழசாகவில்லை?

கேள்வி இதுதான்: ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புது உடற்பயிற்சி ஒன்று வந்து, எல்லோரும் பேசி, பிறகு காணாமல் போகிறது. பிலாட்டீஸ் மட்டும் ஏறக்குறைய நூறு வருடமாக நிற்கிறதே, அப்படி என்ன இருக்கிறது அதில்? வீட்டில் மேட் போட்டுச் செய்தால் போதுமா, ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் மெஷின் கட்டாயமா?

என் கணக்கில் முதல் காரணம், பிலாட்டீஸில் ஒரு பயிற்சி முடிந்துபோவதே இல்லை என்பது. ஜிம்மில் 20 கிலோ பழகிவிட்டால் அடுத்து 25 கிலோ. ஓட்டத்தில் 5 கிலோமீட்டர் பழகினால் அடுத்து 10. மேட் பிலாட்டீஸில் அப்படி வெளியிலிருந்து கூட்டிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதே மேட், அதே பத்து மூச்சு. ஆனால் நன்றாகச் செய்யச் செய்ய அது கடினமாகும். முதல் நாளில் வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்து முடிப்பது கழுத்தும் தொடையும். அவை விலகிக்கொள்ளப் பழகிய பிறகுதான் செய்ய வேண்டிய தசை மாட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் செய்தவர், "முன்பு ஈசியாக இருந்தது, இப்போதுதான் கஷ்டமாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் சரியான வழியில் போகிறார் என்று அர்த்தம்.

"ஹண்ட்ரட்" என்ற பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட் வகுப்பில் பெரும்பாலும் இதுதான் முதலில் வரும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, கால்களைத் தூக்கி, ஸ்டூல் மேல் வைத்ததுபோலத் தொடை செங்குத்தாகவும் கெண்டைக்கால் தரைக்கு இணையாகவும் நிறுத்த வேண்டும். மூச்சை விட்டபடி தலையையும் தோளையும் தூக்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் உயரம் போதும். கைகள் உடலை ஒட்டி நீண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அவற்றை விறைப்பாக மேலும் கீழும் அசைத்துக்கொண்டே, 5 எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, 5 எண்ணிக்கைக்கு விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. சுற்றுக்குப் பத்து எண்ணிக்கை, பத்துச் சுற்றுக்கு நூறு. அதனால்தான் அந்தப் பெயர்.

பார்க்க ஒன்றுமில்லை. இப்போது எங்கே சொதப்பும் என்று பாருங்கள். மூன்றாவது சுற்றிலேயே கழுத்து வலிக்கும். வயிறு தூக்க வேண்டிய தலையை முகவாயை முன்னால் நீட்டிக் கழுத்து தூக்கியதால் வரும் வலி அது. தலை எழும்புவதற்கு முன் முகவாயை லேசாக உள்ளே இறக்கி, முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சின்னப் பந்து இருப்பதுபோல வைத்துக்கொண்டு, அதன் பிறகு நெஞ்செலும்பை மடித்து எழ வேண்டும். அப்படியும் வலித்தால் தலையைக் கீழே வைத்துக்கொண்டே நூறையும் முடிக்கலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, கழுத்தின் முன்பக்கத் தசைகள் தேறச் சில வாரம் ஆகும்.

அடுத்து வயிறு. உள்வாங்கித் தட்டையாக இருக்க வேண்டிய வயிறு, நடுவில் கூரை முகடுபோலக் கூம்பி எழும். கூடவே இடுப்புக்குப் பின்னால் முதுகு மேட்டை விட்டு வளைந்து தூக்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: கால் அதன் தகுதிக்கு மீறிக் கீழே இறங்கியிருக்கிறது. காலை நீட்டிச் செய்பவர்களுக்கு, அது தரையை நெருங்க நெருங்க நெம்புகோலின் பாரம் கூடும். அதை வயிறு தாங்காதபோது, தொடையெலும்பின் மேல்பகுதியிலிருந்து முதுகெலும்புக்குப் போகும் இடுப்பு மடக்குத் தசை முதுகை இழுத்துப் பிடித்து ஈடுகட்டுகிறது. பயிற்சி முடிந்ததும் வயிறு களைத்திருக்க வேண்டியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும். கால்களை ஒரு கை அகலம் உயர்த்தினால் போதும், சரியாகிவிடும். கைகள் முழங்கையிலிருந்து படபடப்பது, ஏழாவது சுற்றில் மூச்சை அடக்கிக்கொள்வது போன்றவை சின்னத் தவறுகள், பார்த்தால் தெரியும்.

ஒரே ஒரு பயிற்சியில் இத்தனை இருக்கிறது. சலிப்பு வராததன் ரகசியம் இங்கேதான். கவனிக்க எப்போதும் ஏதாவது மிச்சம் இருக்கும்.

இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியின் மோன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் நோஞ்சான். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் இருந்ததால் எதிரிநாட்டுக் குடிமகன் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்துவைத்தார்கள். அங்கே மருத்துவமனைக் கட்டிலில் ஸ்பிரிங்கை மாட்டி நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார், அதுவே பிற்காலக் கருவிகளின் தொடக்கம் என்ற கதை எல்லா ஸ்டுடியோவிலும் சொல்லப்படும். அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் காடிலாக் என்ற கருவியை ஒரு முறை பார்த்தால் அந்தக் கதை ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று புரியும். நாலு மூலையிலும் கம்பம் நட்டு, மேலிருந்து ஸ்பிரிங் தொங்கவிட்ட கட்டிலேதான் அது.

1926இல் அமெரிக்கா போய், நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் துணைவி கிளாராவுடன் ஸ்டுடியோ நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் "கன்ட்ராலஜி", அதாவது கட்டுப்படுத்தும் கலை. ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகளின் வட்டம் அவரைத் தேடி வந்தது. நடனக்காரருக்குக் காயம் என்றால் பிழைப்பே போச்சு. காலை ஊன்றாமல், படுத்தபடியே உடம்பைத் தயாராக வைத்திருக்க ஒரு வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1945இல் அவர் வெளியிட்ட நூலில் 34 மேட் பயிற்சிகள் வரிசையாக உள்ளன, செய்து காட்டுபவரும் அவரே. வயது அப்போது அறுபதை ஒட்டி. அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டியதில்லை.

1967இல் அவர் இறந்தபோது பெரிய நிறுவனம் எதையும் விட்டுப்போகவில்லை. கிளாராவும் மாணவர்களுமே தூக்கிச் சுமந்தார்கள். 1970களில் அவரிடம் பயின்ற ரான் ஃப்ளெட்சர் பெவர்லி ஹில்ஸில் ஸ்டுடியோ திறந்த பிறகு சினிமா உலகம் சேர்ந்துகொண்டது. ஆனாலும் பெரிய அலைக்கு இரண்டு விஷயங்கள் காத்திருந்தன.

ஒன்று மருத்துவப் பக்கத்திலிருந்து வந்தது. 1990களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையைச் சட்டென்று தூக்கும்போது வயிற்றின் ஆழத்தில் பெல்ட்போலச் சுற்றியிருக்கும் குறுக்குத் தசை கைக்கும் முந்திக்கொண்டு இறுகுகிறது என்றும், நீண்ட நாள் இடுப்புவலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது என்றும் காட்டினார்கள். "கோர்" என்ற சொல் பிசியோதெரபிஸ்டுகளின் வாயில் குடியேறியது அப்போதுதான். நடு உடம்பை முதலில் நிலைநிறுத்து, பிறகு கைகாலை அசை என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு முறை தயாராகக் கையில் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு தசையைத் தனியாகப் பழக்கினால் வலி போய்விடும் என்ற நம்பிக்கை பின்னால் தணிந்துவிட்டது. ஆனால் பிலாட்டீஸ் சிகிச்சை அறைக்குள் வந்தது வந்ததுதான்.

மற்றொன்று சட்டம். 2000 அக்டோபரில் மன்ஹாட்டன் கூட்டாட்சி நீதிமன்றம், பிலாட்டீஸ் என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், தனி ஒருவரின் வணிகச் சின்னம் அல்ல என்று தீர்ப்பளித்தது. யோகா, கராத்தே மாதிரி அதுவும் எல்லோருக்கும் பொதுவானது. பெயர் பரவியதற்கும் தரம் தாறுமாறாகப் போனதற்கும் அதே தீர்ப்பு காரணம். இன்று வார இறுதியில் சான்றிதழ் வாங்கியவரும் பிலாட்டீஸ் ஆசிரியர்தான், எல்லாக் கருவிகளையும் சேர்த்து 450 மணி நேரத்துக்கு மேல் பயின்றவரும் பிலாட்டீஸ் ஆசிரியர்தான். சேரும் முன் எத்தனை மணி நேரப் பயிற்சி, எந்தெந்தக் கருவியில் என்று கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. வகுப்பில் அவர் தானும் கூடவே செய்துகொண்டிருக்கிறாரா, நடந்து வந்து உங்கள் விலா எலும்பையும் இடுப்பையும் பார்க்கிறாரா என்பது அதைவிட முக்கியம்.

இனி மெஷின் விஷயம். ரிஃபார்மர் என்பது நீளச் சட்டம், அதில் தண்டவாளத்தில் ஓடும் படுக்கைப் பலகை, தோளைத் தடுக்கும் இரண்டு முட்டு, காலை ஊன்ற ஒரு குறுக்குக் கம்பி, கப்பி வழியாக வரும் இரண்டு கயிறு, அடியில் 4 அல்லது 5 ஸ்பிரிங். அவ்வளவுதான். எடைத்தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்க வேண்டியது. எடை எங்கும் ஒரே பாரம். ஸ்பிரிங் இழுக்க இழுக்கப் பாரம் கூட்டும், திரும்பி வரும்போது உங்களை இழுக்கும். அந்தத் திரும்பும் பயணத்தில் பலகை "டக்" என்று முட்டினால், பாதிப் பயிற்சியை ஸ்பிரிங் செய்துவிட்டது என்று பொருள். சத்தமில்லாமல் வந்து நிற்கப் பழகுவதுதான் ரிஃபார்மரின் முதல் பாடம்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: குறைந்த ஸ்பிரிங் என்றால் எளிது என்று நினைப்பது. மல்லாந்து படுத்துக் குறுக்குக் கம்பியைக் காலால் தள்ளும்போது அது சரி, ஸ்பிரிங் கூடினால் கால்களுக்கு வேலை கூடும். ஆனால் கம்பியில் கையூன்றி, பலகையில் கால் வைத்து, உடலை நேர்க்கோடாக நிறுத்தும் பிளாங்க் நிலையில் தள்ளும்போது கணக்கு தலைகீழ். அங்கே ஸ்பிரிங்தான் உங்களைத் தாங்குகிறது. அதைக் குறைத்தால் பலகை பின்னால் ஓடும், ஓடாமல் நிறுத்துவது வயிற்றின் பொறுப்பு. ஒரே ஒரு லேசான ஸ்பிரிங்கில் அதைச் செய்பவர் தேர்ந்தவர். ஸ்பிரிங்கின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், வேறு ஸ்டுடியோவுக்குப் போனால் சிவப்பு, நீலம் என்று மனப்பாடத்தை நம்பாமல் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

ரிஃபார்மரில் அடிபடுவது பெரும்பாலும் பயிற்சியின் நடுவில் அல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். லேசான ஸ்பிரிங்கில் பலகை மேல் காலை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு ஓடும். முதலில் சட்டத்தின் அசையாத பகுதியில் கால், கை கம்பியில், அதன் பிறகே பலகை. இறங்கும்போது பலகை முழுக்க உள்ளே வந்து நிற்கும் வரை காலைக் கம்பியிலிருந்து எடுக்கக் கூடாது. ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. வீட்டுக்கு வாங்குபவர்கள் தயாரிப்பாளர் சொல்லும் கெடு எவ்வளவு என்று பார்த்து, துரு, இடைவெளி விழுந்த சுருள், வளைந்த கொக்கி தென்பட்டால் கெடுவுக்குக் காத்திராமல் மாற்ற வேண்டும்.

ஆக, மெஷின் கட்டாயமா? இல்லை. சொல்லப்போனால் பல பயிற்சிகளில் மேட்தான் கடினம், கயிறும் ஸ்பிரிங்கும் தரும் ஒத்தாசை அங்கே கிடையாது. ஆனால் இடுப்புவலியோடு வருபவர், உடல் விறைத்தவர், வயதானவர் ஆகியோருக்கு ரிஃபார்மர் நல்ல தொடக்கம். ஸ்பிரிங் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். பணம் ஒரு தடையென்றால், முதல் ஐந்தாறு வகுப்பை ஆசிரியரோடு ஒற்றைக்கு ஒற்றையாக எடுத்துவிட்டு வீட்டில் மேட்டில் தொடரலாம். கண்ணாடி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாத கலை இது. படுத்திருப்பவருக்குத் தன் முதுகு தெரியாது.

மூச்சைப் பற்றி நிறையக் குழப்பம். பிலாட்டீஸில் மூச்சை விலாவின் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் விரியச் சொல்வார்கள். வயிற்று மூச்சு தப்பு என்பதால் அல்ல. வயிற்றுச் சுவர் இறுகியிருக்கும்போது காற்றுக்கு வேறு இடம் வேண்டும், அவ்வளவே. ஒரு துண்டை விலாவைச் சுற்றிக் கட்டி, முனைகளைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுக்கும்போது துண்டு இரு பக்கமும் இறுகுகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். "தொப்புளை முதுகெலும்போடு ஒட்டு" என்ற புகழ்பெற்ற கட்டளை பலரைக் கெடுத்திருக்கிறது. வயிற்றை எக்கி, மூச்சை நிறுத்தி, முகம் சிவந்து நிற்பார்கள். இறுக்கம் முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், அந்த இறுக்கத்தோடு பேச முடிய வேண்டும். இடுப்பை வைக்கும் முறையிலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு. ஜோசப் முதுகை முழுக்கத் தரையில் அழுத்தச் சொன்னவர். இன்று பெரும்பாலோர் இயல்பு வளைவைக் காக்கச் சொல்கிறார்கள். உள்ளங்கைகளின் அடிப்பகுதியை இடுப்பின் முன் எலும்புகளிலும் விரல்நுனிகளை அடிவயிற்றுக்குக் கீழுள்ள எலும்பிலும் வைத்தால் ஒரு முக்கோணம் வரும். அது தரைக்கு இணையாக இருந்தால் அதுதான் இயல்பு நிலை. கால் இரண்டும் காற்றில் இருக்கும்போது, வயிறு தேறாதவர் முதுகைக் கொஞ்சம் அழுத்திக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் கட்சி.

முதுகெலும்பை மணிமாலைபோல ஒவ்வொன்றாக உருட்டி எழும் "ரோல் அப்" பலருக்கு முதல் தோல்வி. பாதி எழுந்ததும் கால் தரையை விட்டுத் தூக்கும், அல்லது ஒரு உதறலில் எழுந்துவிடுவார்கள். வயிறு பலவீனம் என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். பல நேரம் காரணம் வேறு: இடுப்புக்குப் பின்னால் நாலைந்து முள்ளெலும்புகள் ஒரே பலகையாக விறைத்திருக்கும், பின்தொடை குட்டையாக இருக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்துபோல முன்னும் பின்னும் உருண்டு பாருங்கள். உருளாமல் "தொம்" என்று ஓரிடத்தில் விழும். விறைத்த இடம் அதுவேதான். தீர்வு தலைகீழாகச் செய்வது. முழங்காலை மடித்து உட்கார்ந்து, தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி, வால் எலும்பை முதலில் சுருட்டி, பாதி தூரம் மட்டும் பின்னால் இறங்கி, மூன்று மூச்சு நின்று, திரும்ப வாருங்கள். 5 முறை போதும். உதறி எழுந்த இருபதைவிட இந்த ஐந்து மேல்.

இவ்வளவு புகழ்ந்தபின் இதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். பிலாட்டீஸால் தசை "நீளமாகும்" என்பது விளம்பரம். தசை எலும்பில் ஒட்டிய இடம் மாறாது. மூட்டு அசையும் தூரம் கூடும், நிற்கும் விதம் மாறும், அதனால் உயரமாகத் தெரிவீர்கள். எடை குறைக்க மட்டும் வருபவருக்கு இது ஏமாற்றம்தான், சாதாரண மேட் வகுப்பு மிதமான நடை அளவுக்கே சக்தியைச் செலவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகப் பயிற்சியும், இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியும் சொல்கிறது. இரண்டாவதில் ஒரு பகுதியைத்தான் பிலாட்டீஸ் நிரப்பும். நடையையோ நீச்சலையோ விட்டுவிடக் கூடாது. இடுப்புவலி பற்றி 2015இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் மறுஆய்வு, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை மிஞ்சுகிறது என்று சொல்ல உறுதியான சான்று இல்லை என்றே சொன்னது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இடுப்புவலிக்காரர் விடாமல் செய்யும் பயிற்சியே அவருக்கான பயிற்சி, பலரும் விடாமல் செய்வது இதை.

சிலர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை முன்னால் வளைத்து உருளும் எதையும் செய்யக் கூடாது, நொறுங்கும் நிலையில் உள்ள முள்ளெலும்பின் முன்பக்கம் அழுந்தும். ஹண்ட்ரடைத் தலையைத் தூக்காமல் செய்யட்டும், ரோல் அப்பும் பந்து உருளலும் வேண்டாம். குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்கும் "ஸ்வான்", இடுப்பைத் தூக்கும் "பிரிட்ஜ்", பக்கவாட்டுக் கால் பயிற்சிகள் அவர்களுக்கு உகந்தவை. முதுகெலும்பு வட்டு பிதுங்கிக் காலில் மின்சாரம் பாய்வதுபோல வலி உள்ளவர்களும் முன்வளைவைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கடந்தவர்கள் நெடுநேரம் மல்லாந்து படுக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் நடுவயிற்றுத் தசை விலகியிருப்பவர்களுக்கு, அந்தக் கூரை முகடு தென்பட்டால் உடனே நிறுத்து என்பதே விதி. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் நிலைகளைத் தொடாமல் இருப்பது நல்லது.

தொடங்குவதற்கு வாரம் மூன்று நாள், 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டு கட்டிய மூச்சு 2 நிமிடம், பிரிட்ஜ் 8 முறை, ஹண்ட்ரட் தலையைக் கீழே வைத்து 5 சுற்று, மேலே சொன்ன பாதி தூரம் இறங்கும் ரோல் டவுன் 5, ஒற்றைக் கால் நீட்டல் (மல்லாந்து ஒரு காலை மடித்து மறு காலை நீட்டுவது) பக்கத்துக்கு 6, ஸ்வான் 5, பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கல் 8. மேட் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், மெல்லிய யோகா மேட்டில் உருளும்போது முதுகெலும்பு தரையில் நசுங்கும். கைப்பேசியைத் தரையில் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து ஹண்ட்ரடைப் படம்பிடியுங்கள். வயிறு கூம்புவது எந்தச் சுற்றில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நாலாவது என்றால், இந்த வாரத்துக்கு உங்கள் ஹண்ட்ரட் முப்பதுதான்.